ராத்திரி ஒரு மணிக்கு டாக்டர் எங்கே?

எண்ணூரின் முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பத்து உறவுகளே! அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளத் தோழர்களே! துறைமுகத் தோழர்களே!

2023 டிசம்பர் 26 நள்ளிரவை மறந்துவிடாதீர்கள். பெரியகுப்பத்துக் கடலுக்குள் போகும் கோரமண்டல் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த சனம் கண் எரிய, தொண்டை அடைக்க, தெருவுக்கு ஓடிவந்தது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி ஊரைவிட்டுத் தப்பியது. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக நம் ஆற்றை மூடியிருந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளியதையும் பார்த்தவர்கள்தானே நாம்!

2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் தந்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். வலைக்கும் படகுக்கும் கணக்குப் போட்டார்கள். நுரையீரலுக்கு யார் போட்டார்கள்? மருத்துவ முகாம் நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பந்தல் போட்டு, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவரின் தோல் அரிப்பும், சாம்பல் காற்றில் வளரும் பிள்ளையின் இழுப்பும் பந்தலோடு போய்விடுமா?

கேட்க வேண்டியது ஒன்றுதான். எண்ணூருக்குள்ளேயே, இருபத்துநாலு மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் வேண்டும். நெபுலைசர் வேண்டும். வாசலிலேயே ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். சுற்றியுள்ள ஆலைகளில் என்னென்ன வாயு இருக்கிறது, எது கசிந்தால் என்ன முதலுதவி என்ற விவரம் அந்த டாக்டரின் மேசையில் இருக்க வேண்டும். அமோனியா பட்டால் முதல் சில நிமிடங்களில் கண்ணைத் தண்ணீரால் விடாமல் கழுவ வேண்டும். மூச்சு முட்டுகிறவருக்கு உடனே ஆக்சிஜன் வைக்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்கிற வேலையா இது? அதுவும் எந்த ரோட்டில்! எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஆம்புலன்ஸ் சைரன் அடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

இது பேராசை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல், போர் (Bhore) குழு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே அடிப்படை மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று அறிவித்தன. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்திய அரசே வைத்திருக்கும் அளவுகோல். தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் இல்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் தலையை எண்ணிப் போட்ட அளவுகோலுக்குப் புகைபோக்கியை எண்ணத் தெரியாது. அனல்மின் நிலையம், உர ஆலை, துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே ஊரின் தலையில் வைத்தால், அந்த ஊருக்கு மற்ற வார்டுகளைவிடக் கூடுதலாகத்தான் மருத்துவம் தர வேண்டும். நியாயம் அதுதான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தனியாக ஒன்று. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. சட்டப்படியான உரிமை. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம். சம்பள ரசீதை எடுத்துப் பாருங்கள். பிடித்திருக்கிறார்கள், ஆனால் கார்டு கையில் இல்லை என்றால் சங்கத்துக்கு வாருங்கள். ஒப்பந்தக்காரர் கட்டவில்லை என்று முதன்மை நிறுவனம் கை கழுவ முடியாது. கட்ட வேண்டிய பொறுப்பைச் சட்டம் அதன்மேல்தான் வைத்திருக்கிறது.

சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரசவத்தில் உரிய சிகிச்சை கிடைக்காமல் சங்கத்தின் முன்னணித் தோழி குசும்பாய் இறந்துபோனார். சங்கர் குகா நியோகியின் தலைமையில் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் காசிலும் உழைப்பிலும் ஷகீத் ஆஸ்பத்திரியைக் கட்டி, 1983 ஜூன் 3 அன்று திறந்தார்கள். மெச்ச வேண்டிய காரியம். ஆனால் நாம் உண்டியல் தூக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஊருக்கெல்லாம் மின்சாரமும் உரமும் போவது நம் மண்ணிலிருந்து. கட்டித் தர வேண்டியது அரசும் இந்த ஆலைகளும்.

எனவே இந்த வாரமே வேலையைத் தொடங்குவோம். தெருவுக்கு இரண்டு பேர், ஒரு நோட்டு. ராத்திரியில் யாருக்கு இழுப்பு வந்தது, எத்தனை மணிக்கு, எதில் ஏற்றிப் போனோம், எவ்வளவு செலவானது எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுக்கணக்கு பெண்களிடம்தான் இருக்கிறது. நோட்டும் அவர்கள் கையில் இருக்கட்டும். பழைய ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக்கடை பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பகுதி சபைக் கூட்டத்தில் இந்த நோட்டை வைத்துத் தீர்மானம் போடுவோம். கவுன்சிலர், மண்டல அலுவலகம், ரிப்பன் மாளிகை, சுகாதாரத் துறை என்று ஒவ்வொரு படியாக ஏறுவோம்.

மீனவர் வேறு, ஆலைத் தொழிலாளி வேறு என்று நம்மைப் பிரித்துப் பேச வருவார்கள். அதற்கு இடம் கொடுக்காமல், ஒரு வீடு விடாமல் கூட்டத்துக்கு வாருங்கள் தோழர்களே!