ஓசியில் கிடைக்கிற ஷெட்யூலர்

மனை வாங்கப் போனா என்ன பண்ணுவோம்? மூலப்பத்திரம் கேப்போம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட விசாரிப்போம். அதே ஆளுங்க கோடிக்கணக்கில் கொட்டி கிளஸ்டர் வாங்கிட்டு, அதை ஓட்டுற ஷெட்யூலர் விஷயத்துல மட்டும் "ஓசியா கிடைக்குதா? டவுன்லோட் பண்ணு, போடு"ன்னு முடிச்சிடுறாங்க. இல்லேன்னா மெஷின் விக்க வந்தவர் தலையில கட்டுறதை அப்படியே வாங்கிக்கிறாங்க. இந்த ரெண்டு கோஷ்டியையும் திட்டத்தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம் மக்களே, பந்தி உதாரணமெல்லாம் இருக்கு :-)

கிளஸ்டர்ங்கிறது பத்து, நூறு, ஆயிரம் கம்ப்யூட்டரை ஒண்ணாக் கோத்துக் கட்டின கூட்டம். ஆளாளுக்கு நேரா உள்ள பூந்தா ரணகளம்தான். அதனால ஒவ்வொருத்தரும் "எனக்கு இத்தனை கோர், இவ்வளவு மெமரி, இத்தனை மணி நேரம்"னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டு வரிசையில நிக்கணும். யாரை எப்போ எங்கே உட்கார வைக்கிறதுன்னு முடிவு பண்றவர்தான் ஷெட்யூலர். கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி. சம்பந்தி வீட்டுக்காரங்க இருபது பேர் "சேர்ந்துதான் உட்காருவோம்"னு நிக்கிறாங்க. இருக்கிறது பத்து எடம்தான், மீதி காலியாக அரை மணி நேரம் ஆகும். விவரமான பெரியவர் என்ன பண்ணுவார்? "பத்து நிமிஷத்துல சாப்பிட்டு எந்திரிச்சுடுவேன்"னு சொல்றவங்களை அந்தப் பத்து இலையில உட்கார வைப்பார். சம்பந்திக்கும் தாமதம் இல்லை, இலையும் வீணாகலை. இதுக்குப் பேரு பேக்ஃபில். இது தெரியாத ஷெட்யூலர் இருந்தா பாதி மெஷின் சும்மா கிடக்கும், ஆராய்ச்சி பண்ற பிள்ளை மூணு நாள் வரிசையில காத்துக் கிடக்கும்.

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம்.

பிபிஎஸ்னு ஒண்ணு. 1990களில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக எழுதினது. 1998-ல் ஓப்பன்பிபிஎஸ்னு வெளியில விட்டாங்க. வரிசையை நல்லாப் பாத்துக்கும், ஆனா பந்தி விசாரிக்கிற சாமர்த்தியம் கம்மி. அதுக்கு மவுயின்னு தனியா ஒரு ஷெட்யூலரைக் கொண்டு வந்து மேல ஒட்டணும். அப்புறம் ஓப்பன்பிபிஎஸ்ஸிலிருந்து டார்க் பிரிஞ்சுது. ரெண்டாயிரங்களில் டார்க்கும் மவுயியும் இட்லி சட்னி மாதிரி ஜோடி. ரெண்டுமே காசில்லாம கிடைச்சுது. இன்னும் நல்ல சட்னி வேணும்னா அதே கம்பெனி மோப் என்று ஒண்ணை விலைக்குக் கொடுத்தது. சரி, வியாபாரம்னா அப்படித்தான். ஆனா 2018 ஜூனில் டார்க்கையே மூடிட்டாங்க. அதுக்கு முந்தைய பதிப்பை வச்சிருந்தவங்க வச்சிக்கலாம், புதுசுக்குக் காசு. பாதிச் சாப்பாட்டுல இலையை எடுத்தா எப்படி இருக்கும்?

அடுத்தது கிரிட் எஞ்சின். இதோட பத்திரத்தைப் படிச்சா சப்-ரிஜிஸ்திரார் மயங்கி விழுவார். ஜெர்மனியில பொறந்து, கிரிட்வேர் கைக்கு வந்து, 2000-ல் சன் வாங்குச்சு. 2001-ல் மூலநிரலைத் திறந்து விட்டாங்க, ஊரெல்லாம் கொண்டாடுச்சு. 2010 ஜனவரியில் சன்னையே ஆரக்கிள் முழுங்குச்சு. அந்த வருஷக் கடைசியில வந்த புதுப் பதிப்போட மூலநிரல் வெளியில வரலை. 2011-ல் அதை எழுதிட்டிருந்த முக்கியமான ஆளுங்க யூனிவாவுக்குப் போனாங்க. 2013-ல் காப்புரிமையும் பேரும் அதே யூனிவாவுக்கு. 2020-ல் யூனிவாவை ஆல்ட்டேர் வாங்குச்சு. 2025-ல் ஆல்ட்டேரை சீமென்ஸ் வாங்குச்சு. அப்பாடா! பிபிஎஸ் 2003-லயே ஆல்ட்டேர் கைக்குப் போயிருந்ததால, ஒரு காலத்துல போட்டியாளரா இருந்த ரெண்டும் இப்போ ஒரே கூரையில. (2016-ல் பிபிஎஸ் ப்ரோவின் மூலநிரலை ஆல்ட்டேர் திறந்து விட்டதையும் சொல்லிடணும். நல்லதை மறைக்கக் கூடாது.)

திறந்திருந்த காலத்து கிரிட் எஞ்சின் நிரலை எடுத்து வெளி ஆளுங்க தனிக்கிளை ஓட்டினாங்க. அதுல நல்லா ஓடின ஒண்ணோட கடைசிப் பதிப்பு 2016-ல் வந்தது. உரிமம் சரியாத்தான் இருந்தது, எழுதத்தான் ஆள் இல்லை. இதை நல்லா கவனிங்க, பின்னாடி வேணும்.

இன்னொரு கோஷ்டி சொல்லும்: "காசு கொடுத்து வாங்கினா நிம்மதி சார், சப்போர்ட் இருக்கும்." நான் முன்னாடி குப்பை கொட்டின இடத்துல அப்படித்தான் வாங்கினாங்க. கோருக்கு இவ்வளவுன்னு கணக்கு. போர்ட்டலுக்குத் தனிக் காசு, யார் எவ்வளவு ஓட்டினாங்கன்னு ரிப்போர்ட் பார்க்கத் தனிக் காசு. மூணாவது வருஷம் புதுப்பிக்கிற பேப்பர் யாரோட மேசையிலயோ தூங்கிட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைசன்ஸ் காலாவதி. மெஷின் எல்லாம் நல்லா இருக்கு, கரண்ட் இருக்கு, ஏசி ஜில்லுன்னு ஓடுது, ஒரு ஜாப்பும் உள்ள போகலை. சப்போர்ட்டுக்கு போன் போட்டா "திங்கட்கிழமை சேல்ஸ் டீம்கிட்ட பேசுங்க." சொந்த வீட்டுக்கு வாடகைக்குப் பூட்டு வாங்கின கதை.

இப்போ ஸ்லர்ம் ரசிகர்கள் விசிலடிக்க ஆரம்பிச்சிருப்பீங்க. இருங்க. ஸ்லர்ம் நல்ல சரக்குதான். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பொறந்தது, ஜிபிஎல் 2 உரிமம். பேக்ஃபில், பங்கு பிரிக்கிறது, கணக்கு வைக்கிறது எல்லாம் உள்ளேயே இருக்கு. நம்ம ஊர் தேசிய மீக்கணினித் திட்டத்துல வந்த பரம் சிவாய் கூட இதைத்தான் ஓட்டுது. துணைச் சரக்குக்கும் காசு அழ வேண்டாம். பிரவுசர் வழியா ஜாப் போட ஒஹாயோ சூப்பர்கம்ப்யூட்டர் சென்டரின் ஓப்பன் ஆன்டிமாண்ட் இருக்கு. ரிப்போர்ட்டுக்கு பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஓப்பன் எக்ஸ்டிமோட் இருக்கு.

ஆனா இதையெல்லாம் கோத்து நிறுத்த ஆள் வேணும். மஞ்ச் சாவி எல்லா மெஷின்லயும் ஒண்ணா இருக்கணும், டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுக்கணும், பல பதிப்பைத் தாண்டி ஒரே குதியில அப்கிரேட் பண்ண முடியாது. இதெல்லாம் மாணவர் தலையில கட்டுற வேலையா? அவர் படிப்பை முடிச்சுட்டுப் போயிடுவார், பாஸ்வேர்டும் அவரோட போயிடும். உரிமத்துக்குக் கொடுக்காத காசை ஒரு நல்ல சிஸ்டம் அட்மினுக்குச் சம்பளமாக் கொடுங்கய்யா. அதுக்கு மட்டும் "பட்ஜெட்ல தலைப்பு இல்லை"ம்பாங்க.

சரி, முன்னாடி கவனிக்கச் சொன்ன விஷயம். ஸ்லர்மை எழுதுற முக்கியமான ஆளுங்க 2010-ல் தொடங்கின ஸ்கெட்எம்டி என்ற கம்பெனியில இருக்காங்க. மென்பொருள் இலவசம், சப்போர்ட்டுக்குக் காசு. நியாயமான ஏற்பாடு. 2025 டிசம்பரில் அந்தக் கம்பெனியை என்விடியா வாங்கிடுச்சு. திறந்த மூலமாவே தொடரும், எல்லா வன்பொருளுக்கும் பொதுவா இருக்கும்னு சொல்லியிருக்காங்க. நம்புவோம். ஜிபிஎல்-லில் வெளியான நிரலை யாரும் திரும்பப் பிடுங்க முடியாதுங்கிறதும் உண்மைதான். ஆனா கிரிட் எஞ்சின் விஷயத்துலயும் யாரும் பழைய நிரலைப் பிடுங்கலையே? எழுதுற கையைத்தானே கூட்டிட்டுப் போனாங்க. ஸ்லர்மைப் பெத்த லிவர்மோர்காரங்களே எல் கேப்பிட்டனுக்கு ஃப்ளக்ஸ்னு வேற ஒண்ணை எழுதி வச்சிக்கிட்டாங்க. அவங்களுக்கு வசதி இருக்கு. இருபது மெஷின் வச்சிருக்கிற காலேஜ் என்ன பண்ணும்?

அதனால அடுத்த டெண்டர்ல இதையும் எழுதுங்க: மூலநிரல் எந்த உரிமத்துல எங்க கைக்கு வரும்? லைசன்ஸ் காலாவதியானா ஏற்கெனவே நிறுவினது ஓடுமா, நிக்குமா? உங்களைத் தவிர இதைப் பழுது பார்க்க வெளியில எத்தனை பேருக்குத் தெரியும்? போர்ட்டல், ரிப்போர்ட் உட்பட மொத்தம் அஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு? அப்புறம் பிள்ளைங்க எழுதுற ஸ்கிரிப்ட்ல ஷெட்யூலர் கட்டளையை மேல நாலு வரியோட நிறுத்தச் சொல்லுங்க, மாத்த வேண்டி வந்தா அந்த நாலு வரிதான் மாறும். கடைசிக் கேள்விக்கு எழுத்துல பதில் கொடுக்கத் தயங்குற விற்பனையாளருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிடுங்க.