பட்டைகள் பல, பயிற்சி எவ்வளவு?

தமிழர்க்குப் பட்டங்களின் மேல் உள்ள பற்றுப் பழமையானது. மேடை அமைந்தால் மாலையும், மாலை விழுந்தால் பட்டமும் பின்தொடர்வது வழக்கமாகிவிட்டது. இலக்கியத்தில் பட்டம் பெற்ற ஒருவர் நான்கு வரி பிழைபட எழுதினால் தமிழுக்குக் கேடு. ஆயினும் எவருடைய எலும்பும் முறிவதில்லை. போர்க்கலையின் நிலை வேறு. அங்கே தகுதியற்றவர் கையில் ஒப்படைக்கப்படுவது பிள்ளையின் கழுத்தும் முதுகெலும்பும் ஆகும். ஆதலின், ஒருவரே நான்கைந்து போர்க்கலைகளில் உச்சத்தரம் பெற்றிருப்பதாக அறிவித்துக்கொள்வதை, விளம்பரத்துக்குரிய சிறு மிகை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் உள்ளது ஜுரு. தோட்டங்களும் மீனவர் குடியிருப்பும் இருந்த நிலப்பகுதி இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் சூழ்ந்த ஊராக மாறியிருக்கிறது. கோயில் திடலில் கம்பு சுழற்றப் பழகிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இக்காலத்தில் தேக்குவாண்டோ, கராத்தே, சிலாட், சிலம்பம் என்று பலவகை வகுப்புகளுக்குச் செல்கின்றனர். செல்வது நன்றே. உடல் உறுதியும் உள்ள உறுதியும் பிள்ளைகளுக்கு வேண்டும். இத்தகைய ஊரொன்றில் ஒருவர் அறிவிப்புத் தட்டி வைக்கிறார் என்று கொள்க. கராத்தேயில் 8ஆம் டான், தேக்குவாண்டோவில் 9ஆம் டான், அய்க்கிடோவில் 7ஆம் டான், சிலம்பத்தில் மாபேராசான்; வயதோ நாற்பத்தைந்து. அதனைப் படிக்கும் பெற்றோர்க்கு வியப்பு உண்டாகிறது, ஐயம் உண்டாவதில்லை. உண்டாக வேண்டியது ஐயமே.

டான் என்பது என்ன? ஜப்பானியர் ஆடும் 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் ஆட்டக்காரரைத் தரம் பிரிக்க வழங்கிய முறை அது. 1882ஆம் ஆண்டில் கொடோகான் பள்ளியை நிறுவி ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ, அம்முறையைத் தம் கலைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் தம் மாணவர் இருவர்க்கு முதல் டான் வழங்கினார். 1924ஆம் ஆண்டில் ஃபுனாகோஷி கிச்சின் அதனைக் கராத்தேக்குக் கொண்டுவந்தார். கானோ கல்வித்துறையில் பணியாற்றியவர். ஆசிரியர்களை உருவாக்கும் உயர்பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். வகுப்பறையில் மாணவனின் வளர்ச்சியை அளக்கும் கண்ணோடுதான் அவர் இம்முறையை வகுத்தார். தமக்கென்று எந்த டானையும் அவர் சூட்டிக்கொள்ளவில்லை. தரம் என்பது, மாணவன் எவ்விடத்தில் நிற்கிறான் என்று ஆசிரியர் இடும் குறி. அதனைப் பெற்றவன் தானே எழுதிக்கொள்ளும் புகழுரை அன்று. இந்த வேறுபாட்டை மறந்ததே குழப்பத்துக்கெல்லாம் தொடக்கம்.

இனி, உச்சத்தரம் எய்த எவ்வளவு காலம் செல்லும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இது பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கூட்டல் கணக்குத்தான். அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பின் விதிப்படி முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். மூன்றாம் டானுக்கு இரண்டு, நான்காம் டானுக்கு மூன்று, ஐந்தாம் டானுக்கு நான்கு, ஆறாம் டானுக்கு ஐந்து, ஏழாம் டானுக்கு ஆறு, எட்டாம் டானுக்குப் பத்து. மொத்தம் 31 ஆண்டுகள். அதன் பின்னரும் 46 வயது நிரம்பாதவர் எட்டாம் டான் தேர்வில் அமர இயலாது. அமர்வோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே தேறுகின்றனர்.

சியோல் நகரில் 1972ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட குக்கிவோன் தலைமையகத்தின் தேக்குவாண்டோ விதியையும் பார்க்கலாம். ஒன்றிலிருந்து ஒன்பதாம் டான் வரை இடைப்பட்ட காலங்கள் முறையே 1, 2, 3, 4, 5, 6, 8, 9 ஆண்டுகள். கூட்டினால் 38. பதினைந்தாம் வயதில் முதல் டான் பெற்றவர், ஒரு நாளும் பிந்தாமல் ஏறினாலும் ஒன்பதாம் டானைத் தொடும்போது அவர்க்கு வயது 53. மேலே கூறிய தட்டியில் உள்ளவர்க்கு வயது நாற்பத்தைந்து. இவ்வொரு கணக்கே போதும். அவர் குறிப்பிடும் 9ஆம் டான் குக்கிவோனின் பொது விதிவழி வந்ததாக இருத்தல் அரிது. வேறு எங்கிருந்து வந்தது என்பதை அவரே விளக்கக் கடமைப்பட்டவர்.

"இரண்டு மூன்று கலைகளை ஒரே காலத்தில் பயிலலாமே? ஆண்டுகளைத் தனித்தனியே கூட்டுவது முறையா?" என்று கேட்பர். கேள்வி நியாயமானது. நாட்காட்டியில் ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். ஆனால் ஒரு நாளுக்கு மாலைவேளை ஒன்றே. ஓருடலுக்குத் தோள்கள் இரண்டே, முழங்கால்கள் இரண்டே. காலை உயர்த்தி உதைப்பதை உயிராகக் கொண்ட கலைக்கும், எதிரியின் விசையை வாங்கிச் சுழற்றி வீழ்த்தும் கலைக்கும் உடல் வேறு வேறு வகையில் பழக வேண்டும். தொடக்க நிலையில் ஒரு கலை மற்றொன்றுக்குத் துணைசெய்யும் என்பது உண்மை. உயர்நிலையில் ஒவ்வொன்றும் தனக்கென முழு வாழ்நாளைக் கேட்கும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று முன்னோர் சொன்னது சோம்பலால் அன்று.

வடகரையில் களரிப்பயிற்று கற்பிக்கும் மீனாட்சி அம்மா ஏழாம் வயதில் களரியில் இறங்கினார். இந்திய அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது 2017ஆம் ஆண்டில். அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். மெய்ப்பயிற்சி, கோல், உலோகப் படைக்கலம், வெறுங்கை என்று படிப்படியாக விரியும் அந்த ஒரு கலையே அவர்க்குப் போதுமானதாக இருந்தது. 'குருக்கள்' என்பதற்கு மேல் எண் எதுவும் அவர் பெயரோடு ஒட்டவில்லை.

ஆயினும், பல கலைகளில் உயர்தரம் பெற்றோர் எல்லாரும் பொய்யர் என்று முடிவு கட்டுதல் அறமாகாது. ஜப்பானைச் சேர்ந்த மொச்சிசுகி மினோரு (1907–2003) ஜூடோ, அய்க்கிடோ முதலிய பல கலைகளில் உயர்தரம் எய்தியவர். அவரை 1930ஆம் ஆண்டில் அய்க்கிடோவின் தந்தையாகிய உவேஷிபாவிடம் பயில அனுப்பியவர் கானோவே. ஆசிரியர் யார், மாணவர் யார், எந்த ஆண்டு என்பனவெல்லாம் அவர் வரலாற்றில் தெளிவாக உள்ளன; வாழ்ந்த ஆண்டுகளும் தொண்ணூற்றைக் கடந்தன. அமெரிக்கரான டான் டிரேகர் ஜப்பானிலேயே பல்லாண்டு தங்கி, அந்நாட்டின் தொன்மையான வாட்கலை மரபொன்றில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் அயல்நாட்டவர் ஆனார். இத்தகையோர் சிலர் உளர். அவர்களுடைய பல்கலைத் தேர்ச்சியை உலகம் ஏற்பதற்குக் காரணம், எவரும் தேடிச்சென்று சரிபார்க்கக்கூடிய வரலாறு அவர்கட்கு இருப்பதுதான்.

தமிழ் மரபும் பல்துறை ஆற்றலை மறுக்கும் மரபன்று. செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில், நூறு செயல்களை ஒருங்கே கவனத்தில் நிறுத்திக் காட்டிச் சதாவதானி ஆனார். அவ்வாற்றலை அவர் அச்சடித்த தாளில் காட்டவில்லை, அவையில் காட்டினார். வினவியோர் கற்றோர், விடை பிழைத்திருந்தால் அங்கேயே வெளிப்பட்டிருக்கும். நூறு கலையானாலும் அவைமுன் மெய்ப்பிக்கப்பட்டால் தமிழர் தலைவணங்குவர். அவைக்கு வராத நான்கு கலைகளுக்கு எதற்காகத் தலைவணங்க வேண்டும்?

மெய்ப்பிக்கப்படாத உச்சத்தரங்கள் எவ்வழியில் உண்டாகின்றன? வழிகள் பெரும்பாலும் நான்கு. முதலாவது, ஒருவர் கற்ற இரண்டு கலைகளைக் கலந்து புதுப்பெயர் இட்டுத் தாமே அதன் தலைவராகி, தமக்குத் தாமே பத்தாம் டான் அளித்துக்கொள்வது. இரண்டாவது, அவ்வாறு தோன்றிய தலைவர் இருவர் ஒருவர்க்கொருவர் பட்டம் வழங்கிக்கொள்வது. மொய் எழுதுவது போன்ற கொடுக்கல் வாங்கல் அது. மூன்றாவது, கட்டணம் செலுத்தியவர்க்குத் தரச்சான்று அனுப்பும் 'உலக' அமைப்புகள். நான்காவது, மதிப்புறு நிலையில் அளிக்கப்பட்ட பட்டத்திலிருந்து 'மதிப்புறு' என்னும் சொல்லை மட்டும் உதிர்த்துவிடுவது.

இவற்றோடு ஒரே கலையைப் பலவாக எண்ணும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1962ஆம் ஆண்டில் கொரியத் தூதராக மலாயாவுக்கு வந்த தளபதி சோய் ஹொங் ஹி, இந்நாட்டில் தேக்குவாண்டோ வேரூன்றக் காரணமானவர். அவர் 1966ஆம் ஆண்டில் அனைத்துலகத் தேக்குவாண்டோ கூட்டமைப்பை நிறுவினார். 1973ஆம் ஆண்டில் உலகத் தேக்குவாண்டோ கூட்டமைப்பு தனியே தோன்றியது. இரண்டிலும் தரம் பெறுவது குற்றமன்று. அவ்விரண்டையும் இரு வேறு கலைகளின் சிகரங்கள்போல் பாமரர்முன் அடுக்குவதே குற்றம். தமிழ்மொழித் தேர்வை இரு வாரியங்களில் எழுதித் தேறியவர் இரு மொழிப் புலவர் ஆவதில்லை.

யார் அளித்த தரம் என்பதை மறைக்காதோர்க்கு எந்த இழிவும் இல்லை. ஜூடோவில் தம் வாழ்நாளைக் கரைத்த ஃபுகுடா கெய்கோ அம்மையார் 1935ஆம் ஆண்டில் பயிற்சியைத் தொடங்கினார். கொடோகான் அவர்க்கு 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் டான் அளித்தது. 2011ஆம் ஆண்டில், 98ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்புகள் பத்தாம் டான் அளித்தன. எதை யார் கொடுத்தார் என்பது உலகறிந்த செய்தி. அதனால் அவர் பெருமை கூடியதேயன்றிக் குறையவில்லை. ஒரு கலையில் சிகரம் ஏற அவர்க்கு முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதையும் நான்கு சிகரக்காரர்கள் நினைந்து பார்ப்பாராக.

பொய்ப்பட்டம் எவர்க்குக் கேடு என்று கேட்போர் உண்டு. சிக்காகோ நகரில் 'கவுண்ட் டான்டே' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒருவர், உலகிலேயே கொடிய போராளி தாமே என்று படக்கதை இதழ்களில் விளம்பரம் செய்து, அஞ்சல்வழிப் பாடமும் விற்றார். 1970ஆம் ஆண்டில் அவரும் அவரைச் சார்ந்தோரும் வேறொரு பயிற்சிக்கூடத்தில் புகுந்து மோதியபோது, அவருடைய நண்பர் உயிரிழந்தார். தற்பெருமை தன்னோடு நிற்பதில்லை. பின்னால் வருவோரையும் இழுத்துச் செல்கிறது.

ஆரவாரமின்றி நிகழும் கேடு இதனினும் பெரிது. 1983க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர். பலர்க்கு நேர்ந்தது தலைக்காயம். அக்கலை பிறந்த நாட்டிலேயே, முறையான தரவரிசை உள்ள இடத்திலேயே இந்நிலை. அடிபடாமல் விழுவது எப்படி என்பதை முதலில் கற்பிக்கத் தெரியாத ஒருவர், அடுக்கிய பட்டங்களின் துணையால் பத்து வயதுப் பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் வீசச் செய்தால் விளைவு என்னாகும்? ஒரு கலையை ஆழமாகக் கற்றவர்க்கு, எந்த வயதுப் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கலாகாது என்பது தெரியும். நான்கை மேலோட்டமாகக் கற்றவர் நான்கிலும் அறியாதது அதுவே.

பள்ளி வாழ்விலும் இதன் நிழல் விழுகிறது. மலேசியப் பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் நூற்றுக்குப் பத்து புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. ஆதலின் தற்காப்புக் கலைச் சான்றிதழ் ஏழைப் பிள்ளைக்கு வெறும் அலங்காரம் அன்று. எதிர்காலத்தின் ஒரு படி. அப்படி உளுத்திருந்தால் இடறி விழுவது சான்றிதழ் வழங்கியவர் அல்லர்.

மற்றொரு கொடுமையும் உண்டு. காலடி வரிசை முதல் மான்கொம்பு, சுருள்வாள் வரை முறையாகக் கற்ற சிலம்ப ஆசான் ஒருவரிடம் தாள் எதுவும் இராது. அவர் ஆசான் அவர்க்குக் கொடுத்தது கம்பு மட்டுமே. நிருவாகத்தார் மேசையில் தாள் வைத்தவர் ஆசிரியராகிறார். கம்பு வைத்தவர் வெளியே நிற்கிறார். இந்நிலைக்கு அஞ்சியே சிலம்பக் கழகங்கள் சிலவும் வண்ணப்பட்டைகளைக் கைக்கொள்ளத் தொடங்கியுள்ளன. தரவரிசை நன்று, அயலாரின் நல்ல முறையை ஏற்பது தாழ்வன்று. ஆனால் பட்டையை இரவல் வாங்கும்போது, அதனோடு ஒட்டிவரும் போலிப் பட்டத்தையும் சேர்த்து வாங்குவது பேதைமை. தாளில்லா ஆசான் போலியோ என்று வினவுவார்க்கு விடை எளிது. அவர் வளர்த்த மாணவரைக் களத்தில் இறக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

போலி டத்தோ பட்டங்கள் பெருகியபோது, மலேசிய நாடாளுமன்றம் விருதுகள் தொடர்பான குற்றங்களுக்கென 2017ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்றியது. விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவுபெற வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் வலியுறுத்துகிறது. ஆனால் பதிவு என்பது அமைப்பு உண்டு என்பதற்குச் சான்று. அதன் தலைவரின் பத்தாம் டானுக்குச் சான்று அன்று. அந்த இடைவெளியைச் சட்டம் நிரப்பும்வரை பெற்றோரும் பள்ளிகளுமே நிரப்ப வேண்டும்.

அதற்கு மூன்று வினாக்கள் போதும். இத்தரத்தை அளித்தவர் யார், அவர் அக்கலையில் யாரிடம் கற்றவர்? எந்த ஆண்டில் எத்தரம் பெறப்பட்டது, இடைப்பட்ட காலம் அக்கலையின் விதிக்கு ஒத்துள்ளதா? அக்கலையிலேயே வாழும் பிறர் இவரைத் தம்முள் ஒருவராக ஏற்கின்றனரா? இம்மூன்றையும் ஒவ்வொரு கலைக்கும் தனித்தனியே வினவுதல் வேண்டும். ஒரு கலையின் நற்சான்று மற்றொன்றுக்குப் பிணை ஆகாது. கழகங்களும் தம் பயிற்றுநரின் தரம், அளித்தவர், ஆண்டு ஆகியவற்றை எவரும் காணப் பதிவேடாக வெளியிடட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அப்பதிவேட்டைக் கேட்டுப் பெற்ற பின்னரே திடலைத் திறந்துவிடட்டும்.

மெய்யான ஆசிரியர் இவ்வினாக்களால் சினம் கொள்ளார்; விடை சொல்வதில் மகிழ்வார். சினம் கொள்பவர் எவரோ, அவரிடம் பிள்ளையை அனுப்பாதிருப்பதே நலம்.