துறைமுக வாசலில் உலகம்

"உலக விவகாரம் நமக்கு எதற்கு? ஊர் விவகாரமே தலைக்குமேல் கிடக்கிறதே!" என்பார் நம்மிடையே பலர். வேறோர் ஊரிலிருந்து இவ்வாறு சொன்னால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். திருக்கோணமலையில் இருந்துகொண்டு சொல்வதுதான் வியப்பு. இவ்வூரின் தலைவிதி ஒருமுறையன்று, பலமுறை கடல்களுக்கு அப்பால் எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துத் தொடுத்த போர் ஐரோப்பாவிலும் பரவிற்று. 1780ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் பகைவராயினர். அதன் விளைவாக 1782 சனவரியில் திருக்கோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனைக் கைப்பற்றினார். ஐரோப்பாவிற் சமாதானம் ஏற்பட்டபின் கோட்டை மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. கோட்டை நிழலில் வலை உலர்த்திய மீனவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. காரணம் சொல்லவும் இல்லை.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனைத் தூரதேசத்துச் செய்தியென்று எண்ணியோரும் இருந்திருப்பர். எட்டு வாரம் நிறையுமுன், ஏப்ரல் 9இல், யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். எனினும் உலகின் கண் இவ்விடத்தை விட்டு அகலவில்லை. இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்நாட்டுப் படைக்கும் இத்துறைமுகம் இடமாகாது என்று 1987ஆம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் கூறின. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களைப் புதுப்பிக்கும் பேச்சும் அக்கடிதங்களில் இடம்பெற்றது. 2022 சனவரியில் 99 குதங்கள் பங்கிடப்பட்டன: இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. 2025 ஏப்ரலில், இங்கே எரிசக்தி மையம் அமைக்கும் உடன்பாட்டில் இந்தியா, இலங்கை ஆகியவற்றுடன் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்துகொண்டது.

"அறிந்திருந்தால் மட்டும் இவற்றைத் தடுத்திருக்க முடியுமா?" என்று கேட்கலாம். 1782இல் முடியாது, 1942இலும் முடியாது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அன்று முடிவு செய்தவர்கள் நம்மால் தெரிந்தெடுக்கப்பட்டவர் அல்லர். இன்று கையொப்பமிடும் அரசை அமைப்பதில் நம் வாக்குக்கும் பங்குண்டு. அன்றைய அறியாமை நம்மீது சுமத்தப்பட்டது. இன்றைய அறியாமை நாமே தேடிக்கொள்வது.

ஆகவே, ஓர் உடன்பாடு பத்திரிகையில் வந்தால் தலைப்போடு நின்றுவிடலாகாது. எத்தனை ஆண்டுக்கு? எவர் நிலத்தில்? கரைவலை இழுப்பவனுக்கு என்ன நேரும்? நம் பிள்ளைகளுக்கு வேலை உண்டா? இவற்றைக் கேட்கப் பழகவேண்டும். ஆசிரியர்கள் வகுப்பறையில் உலகப் படத்தை விரிக்கும்போது திருக்கோணமலையில் விரலை வைத்துத் தொடங்கட்டும். அங்கிருந்து எந்தத் திசைக்கு விரலை நகர்த்தினாலும், அது நம் வீட்டுச் செய்தியாகவே இருக்கும்.