விதியா? உள்குத்தகையா?

நமது ஜனங்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசும் பேச்சை வெறும் வம்பு என்று தள்ளிவிடுகிற பெரிய மனிதர்கள் உண்டு. நாம் அப்படித் தள்ளுவதில்லை. ஏனென்றால், சட்டசபையில் பேசப்படுவதைவிட டீக்கடையில் பேசப்படுவதுதான் நாட்டில் அதிகம் பேரால் நம்பப்படுகிறது. சினிமா, தேர்தல், கிரிக்கெட், போலீசு, தங்கத்தின் விலை, பக்கத்து ஊர்க் கலியாணம் ஆகிய எல்லாவற்றிற்கும் அங்கே தீர்ப்புச் சொல்லப்படுகிறது. அத்தீர்ப்புகளில் சில, கோர்ட்டுத் தீர்ப்புகளைவிட நியாயமானவை என்றும் சொல்லுவோம். செலவும் ஒரு டீயோடு போயிற்று.

ஆனால் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரே ஒரு விஷயத்தில் மாத்திரம் அந்தப் பேச்சு பாதியில் நின்றுபோகிறது. எங்காவது பட்டாசு ஆலை வெடித்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"எங்கண்ணாச்சி சத்தம்?"

"ஏழாயிரம்பண்ணைப் பக்கம்னு சொல்றாங்க."

"எத்தனை பேராம்?"

"இப்ப எட்டும்பாங்க. சாயங்காலம் கூடும்."

"நம்ம ஊர்ப் பிள்ளைக யாரும் போயிருக்கா?"

"தெரியலப்பா. போனை எடுக்க மாட்டேங்குறாங்க."

"ம்... அவங்கவங்க விதி. நம்ம கையில என்ன இருக்கு?"

விதி என்ற சொல் வந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. ஒரு படம் ஓடாவிட்டால் கதை சரியில்லையா, டைரக்டர் சரியில்லையா, வசூலில் பொய்க் கணக்கா என்று ஒரு மணி நேரம் ஆராய்ச்சி செய்கிற அதே வாய், இருபது உயிர் போனதற்கு ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது. இதைக் கண்டு நாம் சிரிக்கவில்லை. அப்படிச் சொல்லுகிறவனுடைய மனைவியோ மகளோ பக்கத்து ஆலைக்கு நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டியவளாய் இருப்பாள். விதி என்று சொல்லாமல் வேறு காரணம் சொன்னால், அவளை எப்படி அனுப்புவான்? ஆகவே அந்தச் சொல் அவனுக்கு நம்பிக்கையல்ல, மருந்து. ஆனால் நோயைத் தீர்க்காத மருந்து.

சரி, அச்சங்குளத்தில் நடந்தது விதிதானா என்று பார்ப்போம். 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் ஸ்ரீ மாரியம்மாள் பயர் ஒர்க்ஸ் என்னும் ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பலகையில் அம்மன் பெயரே இருந்தும் உராய்வு அதை மதிக்கவில்லை. கூலிக்கு வந்த பெண்களும் ஆண்களும் கரிக்கட்டையானார்கள். பிரதமர் சார்பில் தலைக்கு 2 லட்சமும், அப்பொழுது முதலமைச்சராயிருந்த எடப்பாடி பழனிசாமி சார்பில் தலைக்கு 3 லட்சமும் அறிவிக்கப்பட்டன. வழக்கமாக இத்தோடு முடியும் கதை இந்த முறை முடியவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, முன்னாள் நீதிபதி கண்ணன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 5 லட்சம் என்று சர்க்கார்கள் போட்ட உயிரின் விலை, கேட்பதற்கு ஒரு ஆள் வந்தவுடன் 20 லட்சமாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். விதிக்கு இப்படி விலை ஏறுவதுண்டா?

விசாரித்ததில் வெளிவந்தது என்ன? லைசென்சு ஒருவர் பெயரில். தொழில் நடத்தியவர்கள் வேறு பலர். அதாவது, உள்குத்தகை.

இது தெரியாத வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்லுவோம். பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டிடம் அல்ல. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, சிறு சிறு அறைகளாகக் கட்டப்பட்டிருக்கும். ஓர் அறை வெடித்தால் மற்ற அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி. ஓர் அறைக்கு இத்தனை ஆள்தான், இத்தனை மருந்துதான் என்றும் கணக்குண்டு. அறைக்கு நால்வர் என்பது அங்குள்ள குழந்தைக்கும் தெரியும். இவையெல்லாம் யாரோ முட்டாள்கள் வைத்த விதிகள் அல்ல. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்தால், ஓர் உராய்வோ, ஒரு துளி ஈரத்தால் ஏறிய சூடோ போதும் என்று தெரிந்தவர்கள் வைத்தவை.

இப்பொழுது லைசென்சு வாங்கியவர், பத்து அறையைப் பத்துப் பேருக்கு வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்கு விடுகிறார். கடைசியாக வந்தவனுக்கு நிலமும் இல்லை, லைசென்சும் இல்லை, தீபாவளிக்குள் வாடகையையும் வட்டியையும் எடுத்தாக வேண்டிய அவசரம் மாத்திரம் உண்டு. அவன் நால்வர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைக்கிறான். இடம் போதாமல் போனால் மரத்தடியிலும் வைக்கிறான். சாதாரண வெடியில் லாபம் குறைவு என்று, லைசென்சில் இல்லாத பேன்சி ரகத்தைச் செய்யச் சொல்லுகிறான். பேன்சிக்குக் கூலியும் சற்று அதிகம். கரிசல் மண்ணில் மழை பொய்த்துப் போன வீட்டுக்காரி அந்தக் கூலிக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்? எட்டாவது ஆளாக உட்கார்ந்தது அவள் குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

வெடித்த பிறகு நடப்பதோ பெரிய நாடகம். லைசென்சுக்காரர் "நான் குத்தகைக்கு விட்டுவிட்டேன்" என்கிறார். குத்தகைக்காரர் "நான் உள்குத்தகைக்கு விட்டுவிட்டேன்" என்கிறார். உள்குத்தகைக்காரன் தலைமறைவு. போர்மேன் மாத்திரம் கையில் கிடைப்பான். வெடிபொருள் இலாகாவுக்குத் தலைமை ஆபீசு நாகபுரியில், கிளை ஆபீசு சிவகாசியில். இது போக வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, தீயணைப்புத் துறை, போலீசு என்று இத்தனை பேர் காவல்! இத்தனை காவலையும் தாண்டி ஒரு மரத்தடியில் மருந்து காய்ந்துகொண்டிருந்தால், அதற்கு விதியைக் குறை சொல்லுவது விதிக்கே அவமானமல்லவா?

வெம்பக்கோட்டையில் 2022 முதல் தொல்லியல் துறையார் மண்ணைத் தோண்டி, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே சங்கு வளையல் அறுத்த தொழிலாளியின் தடயத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் அதே வட்டாரத்தில் போன மாதம் அறை எடுத்த உள்குத்தகைக்காரன் யார் என்று கண்டுபிடிக்க, ஆலையே வெடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நிற்க. போலீசு விஷயத்திற்கு வருவோம். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார், தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மாத்திரமே பட்டாசு வெடிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பங்கிட்டது. அவ்வளவுதான், நமது போலீசார் கையில் கடிகாரத்தோடு தெருத்தெருவாகப் புறப்பட்டார்கள். ஏழேகாலுக்குச் சரம் கொளுத்தியவர்கள் மீதெல்லாம் வழக்கு. புதுப்படம் வரும்போது தியேட்டர் வாசலில் நள்ளிரவில் கொளுத்தப்படும் ஆயிரம் வாலாவுக்கு எந்தக் கடிகாரம் என்று டீக்கடையில் கேட்டார்கள்; நியாயமான கேள்வி. 2005 தீபாவளிக்கு 'சிவகாசி' என்ற பெயரிலேயே விஜய் படம் ஒன்று வந்தது. அந்தப் பெயருக்கு விசில் அடித்தவர்களில் எத்தனை பேருக்குச் சிவகாசியில் ஓர் அறைக்கு எத்தனை ஆள் என்பது தெரியும்?

தீபாவளி வழக்குக்கும் ஆலை வழக்குக்கும் சட்டம் என்ன விலை போட்டிருந்தது என்று பாருங்கள். அச்சங்குளம் வெடித்தபோது அமலிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவுப்படி, உத்தரவை மீறிப் பிறருக்கு ஆபத்து உண்டாக்குகிறவனுக்கு அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது 1000 ரூபாய் அபராதம். 286-வது பிரிவுப்படி, வெடிபொருளை உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகக் கையாளுகிறவனுக்கும் அதே ஆறு மாதம், அதே 1000 ரூபாய்! 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் 9-பி பிரிவுப்படி விதி மீறி வெடி உற்பத்தி செய்தால் மூன்று வருஷம், அல்லது 5000 ரூபாய் அபராதம். "அல்லது" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 5000 ரூபாய் என்பது ஒரு வசதியான வீட்டில் ஒரு தீபாவளிக்கு வெடித்துத் தள்ளுகிற பணம். 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டமோ இன்னும் விநோதம். வெடிபொருள் அலட்சியத்துக்கு அதே ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு, உத்தரவை மீறி ஆபத்து உண்டாக்கியதற்கு ஒரு வருஷமாக ஏற்றிவிட்டது.

ஆள் செத்தால் இதனினும் கடுமையான பிரிவுகள் உண்டே என்று வக்கீல்கள் சொல்லுவார்கள். உண்டுதான். ஆனால் அவை ஆள் செத்த பிறகு. நாம் கேட்பது ஆள் சாகும் முன்பு என்ன என்பதே.

வேடிக்கை பார்க்கும் குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தபோது முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளே அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். தீ பற்றிய இடத்தில் இன்னும் வெடிக்காத சரக்கு இருக்கும் என்பது வெடி செய்கிற ஊரிலேயே ஜனங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை என்றால், அது யார் தப்பு? அதற்குப் பிறகு 2021-ல் அச்சங்குளம். 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டி. இடையில் வெடித்த சின்ன ஊர்களின் பெயர்களை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

அப்படியானால் பட்டாசுத் தொழிலையே மூடிவிடச் சொல்லுகிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. டில்லிக்காரர் மூச்சு முட்டுகிறது என்று சொல்லுவதிலும் நியாயம் உண்டு; ஆனால் ஆலையைப் பூட்டினால் லைசென்சுக்காரர் வேறு தொழில் பார்ப்பார், கூலிக்காரி பட்டினி கிடப்பாள். 2018 தீர்ப்புக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தபோது அதையும் கண்டோம். தவிரவும், இந்தத் தொழில் விதியால் வந்ததல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வானம் பார்த்த பூமி எங்கள் விதி என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் இன்று சிவகாசி ஏது? லாபம் வரும்போது அறிவும் முயற்சியும். உயிர் போகும்போது மாத்திரம் விதியா?

நமக்கு ஆச்சரியமாயிருப்பது ஒன்றுதான். எந்த ஆலையில் எந்த அறையை யார் எடுத்திருக்கிறார், எவ்வளவு வாடகை, யாரிடம் வட்டிக்கு வாங்கினார் என்பது அந்த வட்டாரத்து டீக்கடைக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்கிறது. போலீசார் தனிப்படை அமைத்துத் தேடுகிற சேதி அங்கே ஒரு கிளாஸ் டீக்குக் கிடைக்கும். சினிமாவுக்கு நடுவிலும் தேர்தலுக்கு நடுவிலும் அது தானாக வந்து விழுகிறது. ஆனால் யாரும் அதை ஒரு குற்றமாகச் சொல்லுவதில்லை. ஒருவன் பிழைக்கிற சாமர்த்தியமாகச் சொல்லுகிறார்கள்.

ஆகவே தோழர்களே, பேச்சை விடச் சொல்லவில்லை. பேசுகிற இடத்தை மாற்றச் சொல்லுகிறோம். மே 1-ந் தேதி உங்கள் ஊரில் கிராமசபை கூடும். ஊர் எல்லைக்குள் எத்தனை ஆலை, ஒவ்வொன்றிலும் எத்தனை அறை, அறைக்கு எத்தனை ஆள், லைசென்சு யார் பெயரில், வேலை வாங்குவது யார் என்று தாசில்தாரோ அவர் அனுப்புகிற அதிகாரியோ அங்கே வந்து சத்தமாகப் படிக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். படிப்பதில் தப்பிருந்தால், அதே அறையில் வேலை செய்கிற பெண்கள் எழுந்து திருத்தட்டும்.