தாய் ஒருத்தி மட்டும் அறிந்திருந்தால் போதுமா?

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பராமரிப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், ‘அம்மா இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள்’ என்னும் சொல் வீட்டாரின் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. அத்தகைய அம்மாக்களாகிய நாங்கள் அச்சொல்லை மறுக்கவே இதனை எழுதுகிறோம். பார்த்துக்கொள்கிறோம், இனியும் பார்த்துக்கொள்வோம். ஆனால் ஒருத்தி மட்டுமே பார்த்துக்கொள்வது குழந்தைக்கே நல்லதன்று.

எங்கள் நாள் எப்போது தொடங்குகிறது என்று கூறுவது கடினம். நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழந்தை விழித்துக்கொண்டால் எங்களுக்கு அப்போதே பொழுது விடிந்துவிடும். குக்கர் விசில் எழுப்புமுன் அவனை வாசற்புறம் அழைத்துச் சென்றுவிட வேண்டும். சட்டையின் கழுத்திலுள்ள துணிச்சீட்டைக் கத்தரித்து எடுக்காமல் அணிவிக்க இயலாது. பச்சைக் கிண்ணத்தில் இட்ட தயிர்ச்சோற்றை மட்டுமே உண்ணும் பிள்ளைக்கு, அக்கிண்ணம் உடையும் நாள் பட்டினி நாள். பேருந்து வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால் ஏன் அலறுகிறான் என்பதும், அப்போது அவன் கையில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் படித்ததன்று, அவனிடமே கற்றது. இவ்வறிவு முழுவதும் ஒரே ஒருத்தியின் தலைக்குள் அடங்கியிருப்பதுதான் எங்கள் அச்சம். அவள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவ்வீடு என்ன செய்யும்?

உழைப்போடு பழியும் வந்து சேர்கிறது. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்குத் தெளிவாக அறிமுகப்படுத்தியது. அதன்பின், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கொள்கை அமெரிக்காவில் பரவியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதனை எதிர்த்து நூல் எழுதினார். 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு, மரபுக்கூறுகளின் பங்கைக் காட்டியது. மருத்துவம் கைவிட்ட அக்கொள்கையை நாங்கள் இன்றும் கல்யாணப் பந்திகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ‘வேலைக்குப் போனாள், பிள்ளையைக் கவனிக்கவில்லை’ என்னும் வடிவில்.

குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்பது இரக்கமன்று. வீட்டில் இன்னும் ஒருவரேனும் இப்பிள்ளையை முழுமையாக அறிந்திருக்க வேண்டும். தந்தையர் கட்டணம் செலுத்துமிடத்தோடு நின்றுவிடாமல் பயிற்சி அறைக்குள் வரட்டும். படஅட்டைகளைக் காட்டி அடுத்து என்ன நடக்கும் என்று உணர்த்தும் முறையைப் பாட்டியும் கற்கலாம். பொறுமையில் பாட்டிகள் எங்களை வென்றுவிடுகின்றனர்.

அலுவலக அலைச்சலும் பகிர்ந்துகொள்ளத்தக்கதே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை உள்ளடக்கியுள்ளது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெறலாம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டபூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கும் அச்சட்டம் வழிசெய்கிறது. இவற்றுக்கான சான்றிதழ்களுக்கு மாமாவோ சித்தப்பாவோ அலையலாம். அதற்குத் தனிப்பயிற்சி எதுவும் தேவையில்லை.

பிள்ளைக்காக வாரந்தோறும் மருத்துவமனைக்கு வரும் எங்களுள் பலர், தமக்கென ஒரு சீட்டு எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த முறை உடன் ஒருவர் வந்தால், குழந்தை அவருடன் பயிற்சி அறையில் இருக்கும் நேரத்தில் நாங்கள் சென்று இரத்த அழுத்தத்தையாவது பார்த்துக்கொள்வோம்.