தண்ணி கலந்தால் தப்பில்லை

காபி டிகாஷனில் தண்ணீர் கலந்தால் வீட்டில் சண்டை வரும். ஃபிலிம் கழுவுகிற டெவலப்பரில் கலப்பது வேறு சமாசாரம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்னமும் கறுப்பு-வெள்ளை ஃபிலிமோடு மல்லுக்கட்டும் இளைஞர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே இதுதான்: "சார், ஸ்டாக்கை அப்படியே ஊத்தறதா, தண்ணி கலக்கறதா?"

என் ஓட்டு தண்ணிக்கு. சிக்கனத்துக்காக இல்லை, வெயிலுக்காக!

கோடாக் 1920களில் கொண்டுவந்த டி-76 இன்னும் ஓய்வு பெறவில்லை. இல்ஃபோர்டின் ஐடி-11 கிட்டத்தட்ட அதே சரக்குதான். ஹெச்.பி.5 ப்ளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 ஸ்டாக்கில் 7½ நிமிஷம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13. ஒன்றுக்கு மூன்று பங்கு கலந்தால் 20. எல்லாம் 20 டிகிரி கணக்கு. மே மாதம் விழுப்புரத்துக் குழாயில் 20 டிகிரியா வரும்? அரிசி போட்டால் வேகாத குறைதான்.

சூடு ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் சுமார் பத்து சதவிகிதம் குறைக்க வேண்டும். 30 டிகிரியில் ஸ்டாக்குக்கு இரண்டரை நிமிஷம் சொச்சம்தான். டேங்கில் ஊற்றி நாலு தரம் கவிழ்ப்பதற்குள் கதை முடிந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனாலே நெகடிவ் திட்டுத் திட்டாகும் அபாயம் உண்டு. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ஃபிலிம் தந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ரோல் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. பணம் போனால்கூடப் போகட்டும், தங்கச்சி கல்யாணத்தை இன்னொரு தரம் நடத்தச் சொல்ல முடியுமா?

ஆகவே, ஒரு பக்கெட் தண்ணீரில் ஐஸ் போட்டு, டெவலப்பர், ஹைப்போ பாட்டில்களை அதில் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போடாதீர்கள், அது நன்னாரி சர்பத் இல்லை! 24-ல் சம அளவுக் கலவைக்கு எட்டரை நிமிஷம் கிடைக்கும். நிதானமாக வேலை பார்க்கலாம். கழுவுகிற தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. திண்டிவனத்தில் பஸ் ஏறி செஞ்சிக் கோட்டைக்குப் போனால், வெளியே பாறை பளீர், மண்டபத்துக்குள்ளே கும்மிருட்டு. நீர்த்த டெவலப்பர் பளீர் இடத்தில் சீக்கிரம் களைத்துவிடும். நிழலில் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் பிழைக்கும். ஓரங்களும் கூராக விழும்.

நஷ்டம்? கிரெய்ன் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். கலவையை ஒரு தரம் உபயோகித்ததும் கொட்டிவிட வேண்டும். ஒன்றுக்கு மூன்று கலக்கிற தைரியசாலிகள், ஒரு ரோலுக்கு ஸ்டாக் 100 மில்லியாவது இருக்கும்படி பெரிய டேங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, அடுத்த மாதச் சம்பளத்தில் லென்ஸ் வாங்கலாம் என்றிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்.