அடுத்த சிப்பு வரட்டும்!

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேரன் போன் செய்தான். உடம்பு, மழை, பாட்டியின் முழங்கால் எல்லாம் விசாரித்து முடித்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாத்தா, கம்ப்யூட்டர் மட்டும் இப்ப வாங்கிடாதீங்க. இன்டெல்ல நோவா லேக் வருது. 2026 கடைசியில வந்துடும்னு கம்பெனியே சொல்லிட்டாங்க" என்றான்.

ஐந்து வருடமாக இதே பேச்சுக்கு "சரிடா கண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இந்த முறை வாய் வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் என் பழைய கம்ப்யூட்டர் தள்ளாட ஆரம்பித்தது. பட்டனை அமுக்கிவிட்டுக் காபி குடித்து வந்தால்தான் திரை வரும். நல்லதாக ஒன்று வாங்கி, பீரோவில் கிடந்த மூன்று வீடியோ கேசட்டுகளையும் ஒரு டஜன் ஆடியோ கேசட்டுகளையும் அதில் ஏற்றிவிட வேண்டும் என்று திட்டம். வீடியோவில் இருப்பது 1993-ல் நடந்த அப்பாவின் சதாபிஷேகம். ஆடியோவில் அம்மா பாடிய நலங்கு, ஊஞ்சல் பாட்டுகள். பேரன் அப்போது இன்ஜினியரிங் முதல் வருடம். "வீடியோ வேலைன்னா பெரிய ப்ராசஸர் வேணும் தாத்தா. இன்னும் நாலு மாசத்துல 12-வது தலைமுறை வருது. பொறுங்க" என்றான். பொறுத்தேன்.

நவம்பரில் வந்தது. நல்ல சிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் புது மதர்போர்டு வேண்டும், விலை இறங்கட்டும் என்றான். இறங்குவதற்குள் 2022 செப்டம்பரில் ஏஎம்டி புதுசு, அக்டோபரில் இன்டெல் 13-வது. 2023 அக்டோபரில் 14-வது வந்தது. அதைப் பார்த்தவர்கள் இது 13-க்கே வேறு சட்டை போட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். சரி, 2024-ல் அடியோடு மாற்றிப் புதுப் பெயரில் வருகிறது என்று அதற்கும் காத்திருந்தேன்.

இவ்வளவு காத்திருந்து நான் எதை வாங்கியிருப்பேன் என்று பாருங்கள். 13, 14-வது தலைமுறைகளின் உச்ச சிப்புகள், ஐ9 என்பார்களே, அவை உலகம் பூராவும் காரணமில்லாமல் நின்று நின்று போயின. சிப்பு தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே பாழாக்கிக்கொள்கிறது என்று 2024 ஜூலையில்தான் இன்டெல் ஒத்துக்கொண்டது. பிறகு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். அந்த ஐ9 முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் சுற்றும் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன் மின்சாரம் ஒரு பிஸ்கட் அளவு சில்லுக்கு! அடுத்து அக்டோபரில் வந்த அல்ட்ரா 9, மின்சாரச் செலவில் சிக்கனம்தான். ஆனால் பல விளையாட்டுகளில் தன் அண்ணனான 14-வது தலைமுறைக்கே பின்தங்கியது. அதற்கும் வேறு சாக்கெட், ஆகவே மறுபடி வேறு மதர்போர்டு. 2025 கடைசியில் பார்த்தால், ஏஐ கம்பெனிகள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. காத்திருந்தால் விலை குறையும் என்ற அந்த ஒரு நம்பிக்கையும் போயிற்று.

நான் கம்ப்யூட்டரை வெறுக்கிற கிழவன் இல்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் வங்கிக் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது, யூனியன் கூட்டத்தில் பாதிப் பேர் கத்திக்கொண்டிருக்க, முதலில் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது அடுத்த சிப்புக்குக் காத்திருந்ததில் நியாயம் இருந்தது. அரையாண்டு சேமிப்புக் கணக்கு வட்டி போட 386-ல் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருப்போம். மேனேஜர் வீட்டிலிருந்து இட்லி வரும். 486 வந்ததும் பத்து மணிக்கு வீட்டுக்குப் போனோம். பென்டியம் வந்தபின் சாப்பாட்டு நேரத்துக்கே வீட்டில் இருந்தோம். அந்த வித்தியாசத்தைச் சொல்ல அளவுமானி வேண்டாம், வீட்டுக்காரி முகமே சொல்லும். (அந்தப் பென்டியமும் 1994-ல் வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டது தனிக் கதை. இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் தண்டம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கேஷியர் வட்டி முழுவதையும் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.)

அந்தக் காலம் 2004-லேயே முடிந்துவிட்டது. பென்டியம் 4-ஐ 10 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோவோம் என்று பேசினார்கள். சூடு தாங்காமல் 4-ஐயே தொட முடியவில்லை. அந்த அக்டோபரில் இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட், ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்த மாநாட்டு மேடையில் முழங்கால் போட்டு, வேடிக்கையாகத்தான், மன்னிப்புக் கேட்டார். இருபது வருடம் கழித்து இன்றைக்கும் உச்ச சிப்புகள் 6-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. வேகம் பழையபடி கூடாததால் ஒரே சில்லுக்குள் நாலு மூளை, எட்டு மூளை, இருபத்துநாலு மூளை என்று அடுக்குகிறார்கள். மின்னஞ்சல் பார்ப்பதற்கும், தமிழ் தட்டுவதற்கும், பென்ஷன் சிலிப் எடுப்பதற்கும் இருபத்துநாலு மூளை எதற்கு? எனக்கு இருக்கிற ஒன்றே மிச்சம்.

இந்தக் காத்திருக்கும் வியாதிக்கு ஒரு பெயர் உண்டு. ஆஸ்போர்ன் விளைவு என்பார்கள். அந்த ஆஸ்போர்ன் யார் என்று நம் திருவண்ணாமலையிலேயே பலருக்குத் தெரியாது. ரமணாசிரமத்தின் ஆங்கில இதழுக்கு முதல் ஆசிரியராக இருந்தாரே ஆர்தர் ஆஸ்போர்ன், அவருடைய மகன் ஆடம். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். யுத்த காலத்தில் அப்பா அங்கே ஜப்பானியர் காவலில் இருக்க, அம்மாவோடு இந்த அருணாசல மலையடிவாரத்தில் வளர்ந்த பிள்ளை. அவர் அமெரிக்கா போய் 1981-ல் ஒரு கம்ப்யூட்டர் விட்டார். பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். எடை 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். பிய்த்துக்கொண்டு போயிற்று. 1983-ல், இதைவிடப் பிரமாதமாக அடுத்தது வருகிறது என்று முன்கூட்டியே பேசிவிட்டார். அப்படியானால் அதற்கே காத்திருக்கலாமே என்று கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். செப்டம்பரில் கம்பெனி திவால். அது மட்டுமே காரணமில்லை, போட்டியும் கணக்குக் குளறுபடியும் உண்டு என்று மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும், பெயர் நின்றுவிட்டது. கடைசி நாட்களில் நம் பக்கமே திரும்பி வந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

அவர் கதையில் ஜனங்கள் காத்திருந்ததால் விற்கிறவன் செத்தான். இன்றைக்கு விற்கிறவன் உஷார். நோவா லேக் வருகிறது என்று இன்டெல் வாயாலேயே சொல்கிறது. அதனால் இன்றைக்குக் கடை மூடிவிடப் போவதில்லை. ஒன்றைச் சொல்லி, அடுத்ததைக் கசியவிட்டு, அதற்கடுத்ததன் பெயரை மட்டும் காதில் போட்டு, நம்மை வாசலிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். யூடியூபில் வராத சிப்புக்கு விமர்சனம் செய்தே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேரன் அவர்களைக் கோவில் உற்சவம் மாதிரி பார்க்கிறான். நஷ்டம் இப்போது காத்திருக்கிறவனுக்கு மட்டும்தான்.

அப்படியானால் பெரிய ப்ராசஸர் யாருக்குமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். என் தங்கை மகன் கல்யாண வீடியோ எடுக்கிறான். 4கே படத்தை வெட்டி ஒட்டித் தர அவனுக்கு மிச்சமாகிற ஒவ்வொரு மணி நேரமும் கூலி. அவன் யாருக்கும் காத்திருக்கவில்லை. முகூர்த்த மாதத்துக்கு முன்னால் கடையில் எது இருந்ததோ அதை வாங்கிக்கொண்டு வந்தான். ஏஎம்டியில் 2017-ல் வாங்கிய மதர்போர்டு பலவற்றில் 2022-ல் வந்த சிப்பையும் மாட்ட முடிந்தது. அப்படி நடந்துகொள்கிற கம்பெனியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் பீரோவை ஒழிக்கும்போது வீட்டில் கேட்பாள்: "இந்தக் கேசட்டை என்ன பண்ணப் போறீங்க?" நான், "புது சிப்பு வரட்டும்" என்பேன். 2024-ல் சட்டென்று சொன்னாள்: "உங்க சிப்பு வர்றதுக்குள்ள மாமா குரல் போயிடும் பாருங்க."

போன கார்த்திகைக்குப் பிறகு, பொறுக்க மாட்டாமல் சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேசட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். டேப்பின் ஓரம் நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூசணம். சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்தார். இரண்டு கேசட் பெரும்பாலும் தேறிவிட்டது. முதல் கேசட்டில் இருபது நிமிடம்தான் மிஞ்சியது. அபிஷேகம் முடிந்து ஈரத் தலையோடு அப்பா எழுந்து நின்று வந்தவர்களுக்கு நன்றி சொன்ன இடம் அதில்தான். படம் கோடு கோடாக ஓடுகிறது. வாய் அசைகிறது. குரல் இல்லை, 'உஸ்' என்று ஒரு சத்தம் மட்டும்.

"நாலு வருஷம் முந்தி வந்திருந்தா ஒருவேளை எடுத்திருக்கலாம் சார்" என்றார்.

அவர் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எந்தச் சிப்பு என்று கேட்டேன். சிரித்தார். "இது 2013-ல வாங்கினது சார். இதுக்குப் பெரிய மெஷின் எதுக்கு? மூணு மணி நேரக் கேசட் ஓட மூணு மணி நேரம் ஆகும். எந்த ப்ராசஸர் போட்டாலும் விசிஆர் வேகமா ஓடாதே."

இது எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் மெஷினோடு வேலை பார்த்தவன். ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை. பேரன் மேல் தப்பில்லை, அவன் வயசுக்கு ஐந்து வருடம் ஒன்றுமில்லை. ஆடியது நான்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்தேன். எதிர்வீட்டுப் பையன் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. என் கிழட்டுச் சிப்பை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளாது. அதனால் லினக்ஸ் போட்டான், அது இலவசம். இப்போது காபி ஆறுவதற்கு முன்னாலேயே திரை வந்துவிடுகிறது. டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு ஒயரை கம்ப்யூட்டரின் பின்னால் சொருகி, ஆடியோ கேசட்டுகளை நானே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறேன்.

இதையெல்லாம் போனில் பேரனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஆடியோவாவது நல்லா இருக்கா தாத்தா?" என்றான்.

நேற்று நாலாவது கேசட். அம்மா ஊஞ்சல் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சமையலறையில் ஏதோ பாத்திரம் உருளுகிறது. உடனே பின்னாலிருந்து, "யாரு அது, பூனையா?" என்று அப்பா. அவ்வளவுதான். அம்மா பாட்டை நிறுத்தவில்லை. வீட்டில் கூப்பிட்டு அந்த இடத்தை மூன்று தடவை போட்டுக் காட்டினேன்.

இன்னும் எட்டு கேசட் இருக்கிறது.